கப்பலில் ஒருவர் கூடுதல்: நுவரெலியாவிலிருந்து வட்டவளை வரை

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நுவரெலியாவுக்கு அருகில், நீல மைப் பேனாவின் துணையுடன், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உடைந்துபோன ஒரு கப்பலில் பயணி ஒருவர் கூடுதலாக ஏற்றப்பட்டார். அந்தப் பயணி அடியேன். டிக்கெட் இல்லை, பாஸ்போர்ட் இல்லை. உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

விஷயம் இதுதான். எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் ஒரு நாள் நான் கேட்டேன்: அச்சு வருவதற்கு முன் வேதம் நூற்றுக்கணக்கான வருடங்கள் கையால்தானே எழுதப்பட்டது? நடுவில் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருந்தால்? கூட்டத்தை நடத்தும் மெர்சி அக்கா கோபப்படவில்லை. "எழுதித்தான் பாப்போமே" என்றார். அப்போஸ்தலர் ஒருவர் கைதியாகப் போகும் கப்பல் புயலில் சிக்கும் அதிகாரத்தைத் தன் கையால் எழுதினார். அது நுவரெலியா, கொத்மலை, வட்டவளை என்று மூன்று இடங்களுக்குப் போனது. மூன்று பேர் அதைப் பார்த்துப் பிரதி எடுத்தோம். ஹட்டன் மட்டும் என் பிரதியைப் பார்த்து எழுதியது. அச்சுப் புத்தகத்தைத் திறக்கக்கூடாது என்பது விதி. அக்காவின் மூலத்தாள் உறைக்குள் போய் ஒட்டப்பட்டது. மூன்று வாரம் கழித்து, சனிக்கிழமை மூன்று மணிக்கு, வட்டவளையில் எல்லாவற்றையும் ஒப்பிடுவதாக ஏற்பாடு.

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் இருநூற்று எழுபத்தாறு பேர். என் பிரதியில் இருநூற்று எழுபத்தேழு. மற்றபடி ஒரு புள்ளிகூடப் பிசகாமல் அச்சு இயந்திரம் போல எழுதினேன் என்பதைத் தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

என்னோடு வந்தவன் ஸ்டீபன். ஒரே வகுப்பு, தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீடு. அந்தச் சனிக்கிழமை காலை 8.10க்கு நுவரெலியாவில் பஸ் ஏறினோம். நானுஓயா ரயில் நிலையம் எட்டு கிலோமீற்றர், அறுபது ரூபாய். நானுஓயாவில் நானும் ஓயவில்லை, மழையும் ஓயவில்லை. 9.25 வண்டி 9.50க்கு வந்தது. ஹட்டனுக்கு மூன்றாம் வகுப்பு, ஆளுக்கு 140 ரூபாய்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயில் நாளைத் தேடாதீர்கள், பனி நாளில் போங்கள். கிரேட் வெஸ்டர்ன் நிலையம் தாண்டியதும் மலை கரைந்தது. பிறகு மரங்கள், பிறகு தேயிலையும். கொழுந்து எடுப்பவர்களின் தலைகள் மட்டும் வெள்ளையின் மேல் மிதந்தன. தலவாக்கலையில் நீர்த்தேக்கம் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பெட்டி மெல்ல ஆடியது. கண்ணை மூடினால் ரயில் கப்பலாகிவிடும். திறந்தாலும் அப்படித்தான் இருந்தது. சூரியனும் நட்சத்திரமும் தெரியாமல் பதினான்கு நாள் மிதந்தவர்களைப் பற்றி எழுதினேனே, அவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ என்று தோன்றியது.

அந்த மயக்கத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"டேய், நான் வேதத்துலயே கை வச்சிட்டேன். கப்பல்ல ஒரு ஆளை ஏத்திட்டேன். நான்தான் அது."

ஸ்டீபன் சிரிப்பான் என்று பார்த்தேன். "அந்த அதிகாரத்துலயா?" என்று மட்டும் கேட்டான்.

அவன் அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். போய் நான்கு வருடம். போகும் முன் அவன் வேதப் புத்தகத்தில் ஒரே ஒரு வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டார்: புயலின் நடுவில் அந்தக் கைதி எல்லோரிடமும், உங்கள் ஒருவருடைய தலையிலிருந்தும் ஒரு முடிகூட விழாது என்று சொல்லும் இடம். வெள்ளிக்கிழமை தோறும் அம்மாவிடமிருந்து அழைப்பு வரும். மூன்று வெள்ளிக்கிழமைகளாக வரவில்லை, அம்மாவின் போனும் அணைத்தே கிடந்தது. அந்த மூன்று வாரமும் அவன் தூங்குமுன் அந்த வரியைத் திறந்து பார்ப்பானாம். பென்சில் கோடு எனக்கு முன்பே தெரியும்; இரவில் திறந்து பார்ப்பதை அன்றுதான் சொன்னான். கொட்டகலை தாண்டி சிங்கமலைச் சுரங்கம் வந்தது. பெட்டியில் எல்லோரும் வழக்கம் போலக் கூச்சல் போட்டார்கள். ஸ்டீபன் ஜன்னலை இழுத்து மூடினான்.

ஹட்டன், 11.20. ஹார்ட்வேர் கடை டேவிட்தான் ஹட்டன் பிரதியை எழுதியவன். ஆணி நிறுத்துக்கொண்டே உறையை நீட்டினான். "ஒரு எழுத்து விடல. ரெண்டு தடவ ஒத்துப் பாத்துட்டேன். உன் தாளை அக்காவுக்கு அனுப்பியாச்சு." கடையை விட்டு வர முடியாதாம்.

பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை. ரொட்டி இரண்டு, சம்பல், பிளேன்டீ இரண்டு, மொத்தம் 360 ரூபாய். சம்பல் கண்ணீர் வரவழைக்கும், சொல்லி வைக்கிறேன். ஸ்டீபன் உறையைப் பிரித்துப் படித்தான். மறுபடி படித்தான். டீ ஆறியது.

"வரி இல்லடா."

"எந்த வரி?"

"அம்மா வரி."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அதற்கு முந்தியதும் இருந்தது, பிந்தியதும் இருந்தது. "டேவிட்டுதான் விட்டிருப்பான். சுத்தியல் விக்கிறவன்கிட்ட பேனாவ குடுத்தா இப்படித்தான்" என்றேன்.

"நாலு பேரு, மூணு கிழமை. அதுக்குள்ள ஒரு வரி போயிருச்சு, யாருமே கவனிக்கல." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "ரெண்டாயிரம் வருஷத்துல எத்தன போயிருக்கும்? யாராவது நல்ல மனசுல எத்தன சேத்திருப்பாங்க? அப்போ எங்கம்மா எதடா நம்பிப் போனாங்க?"

எதற்கும் பதில் வைத்திருப்பவன் நான். எழுந்து 360 ரூபாயைக் கட்டப் போனேன்.

1.05 பஸ். வட்டவளைக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர், 35 நிமிடம், எழுபது ரூபாய். வழியெல்லாம் டேவிட்டைத் திட்டிக்கொண்டே வந்தேன். இறங்கிய இடத்திலிருந்து எங்கள் சபையின் தோட்டக் கோயிலுக்கு மூன்று கிலோமீற்றர் ஏற்றம். "மல்லி, மேல பாதை சரியில்ல. நானூறு" என்றார் ஆட்டோக்காரர், சிங்களத்தில் தம்பி என்று கூப்பிட்டு. பாதையைப் பார்த்த பிறகு ஐந்நூறே கொடுத்திருக்கலாம் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

தகரக் கூரைக் கோயில். ஜன்னல் வழியாகப் பனி உள்ளே வந்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தது. நான்கு பிரதிகளும் மேசையில். வட்டவளைப் பிரதியை எழுதிய பிரிஸ்காவுக்குப் பதினைந்து வயது, நாக்குக்கு முப்பது. அவள் விரல் வைத்து வரி வரியாக வாசித்தாள். எண் வந்தது.

"யாரு இந்த எழுபத்தேழாவது ஆளு?"

எழுந்து நின்று கும்பிட்டேன்.

"எறங்குங்க," என்றாள். "கப்பல்ல இருந்து எறங்குங்க. கொத்மலையிலயும் எழுபத்தாறு, எனக்கும் எழுபத்தாறு. ஹட்டன் தாளு உங்க தாளோட புள்ள, அத தனியா எண்ணக்கூடாது." இருபது நாள் மறைத்த ரகசியம் இருபது வினாடியில் முடிந்தது. கொத்மலைப் பிரதியில் ஒரு துறைமுகத்தின் பெயர் விடுபட்டிருந்தது; அது என் பிரதியில் இருந்தது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஸ்டீபன் மேசையின் மறுபக்கம் போய் நின்றான். கொத்மலைப் பிரதியில் அந்த வரி இருந்தது. வட்டவளையில் இருந்தது. என் தாளைப் பிரிஸ்கா திருப்பினாள். இல்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அதுவும் வேணும்னேதான் விட்டேன்," என்றேன். "எண்ணு மொத பொறி, இது ரெண்டாவது."

"எங்கம்மா வரின்னு தெரிஞ்சேவா?" என்று கேட்டான் ஸ்டீபன். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

நான்கையும் வைத்து ஒரு புதுப் பிரதி எழுதினோம். பிறகுதான் அக்கா உறையைக் கிழித்தார். எங்கள் புதுப் பிரதியில் எண், துறைமுகம், அந்த வரி, எல்லாம் மூலத்தாளில் இருந்தபடியே இருந்தன. ஸ்டீபன் கொத்மலையையும் வட்டவளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தான். "இவங்க ரெண்டு பேரும் ஒருத்தர் தாள ஒருத்தர் பாத்ததே இல்ல. ரெண்டு பேர்கிட்டயும் இருக்கு" என்று தனக்கே சொல்லிக்கொண்டான். படத்தைக் குவைத் எண்ணுக்கு அனுப்பினான். ஒரே ஒரு சாம்பல் நிற டிக் விழுந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவன் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வேதம் பிழைத்தது எழுதியவர்கள் எவரும் தவறாததால் அல்ல. ஒருவன் தவறவிட்டதை அவன் தாளைப் பார்த்தே இராத இன்னொருவன் வைத்திருந்தான். அப்படித்தான் எங்கள் மேசைக்கு வந்தது. அந்தப் பழைய பிரதிகள் ஒரே பெட்டியில் பூட்டிக் கிடக்காமல் ஊர் ஊராகப் போனது எவ்வளவு நல்லதாயிற்று என்று இப்போது நினைக்கிறேன். நான் அதை நம்புகிறேன், விளையாட்டாக அல்ல.

போகிறவர்களுக்கு: குடை வேண்டாம், காற்று திருப்பிவிடும், மழைக்கோட்டு கொண்டு போங்கள். சில்லறை வைத்திருங்கள். ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய் போதும். வட்டவளையிலிருந்து ஹட்டனுக்குக் கடைசி பஸ்ஸை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள், எங்களுக்கு 5.40க்குக் கிடைத்தது.

இனி, ஸ்டீபனுக்கு. நேரில் சொல்ல மூன்று தரம் உன் லயத்து வாசல் வரை வந்து திரும்பிவிட்டேன். இரண்டாவது பொறி என்று ஒன்றும் கிடையாது. அந்த வரி என் தாளில் இல்லை என்பது பிரிஸ்கா திருப்பும்வரை எனக்கே தெரியாது. டேவிட், நீயும் கேள்: நீ இருந்ததை இருந்தபடி எழுதியவன். அக்காவிடம் என் தாளை வாங்கிப் பாருங்கள். அந்த இடத்தில் நீல மை ஒரு கோடாக இழுபட்டு ஓரம் வரை போயிருக்கும். அது குறும்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு தின்றுவிட்டு எழுத உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன்.