சாயம் போனதற்குக் கை தட்டினோம்!

போன சனிக்கிழமை ஹவுராவிலிருந்து திரும்பிய என் மகள் மைதிலியின் கையில் இரண்டு பெரிய கேன்கள். உள்ளே ரத்தச் சிவப்பில் தண்ணீர்.

"படகுல ஒருத்தர், ஷர்பத்தா தீதி, ஒரு கிளாஸ் கிடைக்குமான்னு கேட்டார்மா!" என்று சிரித்தாள்.

ஷர்பத் இல்லை. சாயக் கழிவு.

ஹவுராவில் ரீத்தா என்ற பெண் ஒரு சின்ன நூல் சாயப்பட்டறை நடத்துகிறாள். மைதிலி வயதுதான். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் பொறுப்பேற்றவள். நான்கு பேர் அவளை நம்பி வேலை செய்கிறார்கள். கலர் தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று நோட்டீஸ் வந்துவிட்டது. புதன்கிழமை அதிகாரி வருகிறார்...

மைதிலியின் பிஎச்.டி. ஆராய்ச்சியே இதுதான். வெள்ளை பெயின்ட்டில் கலக்கும் டைட்டானியம் டைஆக்சைடு பவுடரைக் கண்ணாடித் துண்டுகளில் பூசி, சாயத் தண்ணீருக்குள் போட்டு வெயிலில் வைக்க வேண்டும். வெயில் பட்டதும் பவுடர் வேலையை ஆரம்பித்து, சாயத்தை உடைத்துவிடுமாம். பவுடரும் தீராதாம்.

கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம் எங்கள் ஃபிளாட். அதன் மொட்டை மாடியில் ஒரு பெரிய டப். ஞாயிறு முழுக்க நல்ல வெயில். சாயங்காலம் பார்த்தால் - சிவப்பு. திங்கள்? அதே சிவப்பு!

"லேப்ல ரெண்டு மணி நேரத்துல வெளுத்துச்சும்மா. இங்க ஏன் ஆகல?" மைதிலி சாப்பிடாமலே படுத்துவிட்டாள். நாலு வருஷ உழைப்பு. போதாக்குறைக்கு, ரீத்தாவுக்கு வாக்கு வேறு கொடுத்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ரீத்தாவே வந்துவிட்டாள். டப்பைப் பார்த்தாள். முழங்கை வரை கையை விட்டாள். "மாஷிமா, என் விரல் தெரியுதா?" என்று பெங்காலியில் என்னிடம் கேட்டாள். மாஷிமா என்றால் சித்தி, தீதி என்றால் அக்கா.

தெரியவில்லை.

"என் விரலே தெரியல. அடியில இருக்கிற உங்க கண்ணாடிக்கு வெயில் எப்படித் தெரியும், தீதி?"

மைதிலி தலையில் கை வைத்துக்கொண்டாள். லேப்பில் வைத்தது இளஞ்சிவப்புத் தண்ணீர், சின்னக் கிண்ணத்தில். இதுவோ பட்டறையின் கெட்டிச் சாயம்! நூறு கட்டுரை படித்தவளுக்குத் தோன்றாதது, தினமும் அந்தத் தண்ணீரில் கை வைப்பவளுக்குத் தோன்றிவிட்டது.

"அம்மா, அகலமான தட்டு இருக்கா?"

என் கல்யாணச் சீர் எவர்சில்வர் தாம்பாளங்கள் பதினொன்று மாடி ஏறின. "இனிமே இதுல சாப்பாட்டுச் சாமான் வைக்கக் கூடாதும்மா" என்பதை, சாயத்தை ஊற்றிய பிறகுதான் சொன்னாள். சாமர்த்தியம்!

தட்டுகளில் கண்ணாடித் துண்டுகளைப் பரப்பி, மேலே ஒரு விரற்கடை ஆழத்துக்குத்தான் தண்ணீர். பதினோரு மணிக்கு மேகம். மூன்று பேரும் வானத்தைத் திட்டினோம். பன்னிரண்டுக்கு வெயில். இரண்டு மணிக்கு ரோஸ். மூன்றரைக்கு லேசான மஞ்சள். ஐந்து மணிக்குத் தட்டின் அடியில் பொறித்திருந்த என் அப்பா பெயர் பளிச்சென்று தெரிந்தது!

ரீத்தா கை தட்டினாள். நாங்களும் தட்டினோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயம் போகக் கூடாதுன்னு உயிரை விடுறவ நான். போனதுக்குக் கை தட்டுறது இதுதான் முதல் தடவை, மாஷிமா."

"தெளிவா இருக்குங்கறதால சுத்தம்னு அர்த்தமில்ல. டெஸ்ட் பண்ணணும்" என்றாள் மைதிலி. மனிதர்களுக்கும் பொருந்தும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பேங்குக்கு லீவு போட்டுவிட்டு நானும் ஹவுரா போனேன். அதிகாரி சிவப்புத் தண்ணீர் பாட்டிலையும் தெளிந்த தண்ணீர் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். சோதனைக்குத் தெளிந்ததை எடுத்துக்கொண்டார். பட்டறையின் தகரக் கூரை மேல் தட்டுகள் வைத்துப் பார்க்க மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். அப்பாடா!

கிளம்பும்போது மைதிலியை மடக்கினார். "எல்லாம் சரி. மழைக்காலத்துல வெயிலுக்கு எங்கே போவீங்க?"

ரீத்தா யோசிக்கவே இல்லை.

"மழை பெஞ்சா நூல் காயாது சார். நாங்க சாயமே போட மாட்டோம்!"