புளி போட்டுத் தேய்த்த தோசைக்கல்

பாதி வெங்காயத்தை நல்லெண்ணெயில் தொட்டுத் தொட்டுப் புதுக் கல்லில் தேய்த்துக்கொண்டே, கை ஓய்கிறபோது இதை எழுதுகிறேன். வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை மாவு ஒட்டாமல் பழக்கிக் கொடுப்பது என் தொழில். தோசையைச் சுரண்டியெடுத்துக் கண்ணீர் விட்ட சகோதரிகளுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

வாடிப்பட்டிக்காரர்

ஒருவர் புதுக் கல்லைத் துண்டில் கட்டித் தோளில் போட்டு வாடிப்பட்டியிலிருந்து வந்தார். எனக்குக் கூச்சம்; கதவுக்குப் பின்னால் நின்றே பேசினேன். கஞ்சியில் ஓர் இரவு ஊற வேண்டும், பிறகு எண்ணெயும் வெயிலும் அனலுமாக நாலு நாள் ஆகும், பழகிவிட்டாலோ விறகை இழுத்த பிறகும் மிச்சச் சூட்டில் இரண்டு தோசை வேகும் என்றேன். அவர் கல்லை மறு தோளுக்கு மாற்றினார்.

"ஏந்தாயி, எனக்குப் பொண்ணு பாத்து முடிக்கவே ரெண்டு நாள்தான ஆச்சு."

நல்ல பேர்

அடுத்த வீட்டுக்குப் புதிதாக வாழ வந்தவள் வள்ளி. அவள் பிறந்த வீட்டில் எல்லாம் பித்தளை. மாமியார் மேலூருக்கு மகள் வீடு போன சமயம், நல்ல பேர் வாங்க நினைத்து, அந்த அம்மாளின் இருபது வருஷக் கல்லைப் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்துவிட்டாள். விடிந்து பார்த்தால் கல் முழுக்கத் துரு. இன்னொரு தப்பு பண்ணினால் தாய்வீட்டுக்கு வண்டி கட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாமியார் போயிருந்தாராம்.

"வெள்ளிக்கிழம அத்த வந்துருவாகக்கா. அம்புட்டுத்தேன் என் வாழ்வு."

வெள்ளிக்கிழமை

மூன்று நாள் அந்தக் கல்லோடேயே கிடந்தேன். மடியில் என் கைப்பிள்ளை தூங்கும், கல் மெல்லப் புகையும். துருச் சிவப்பு பழுப்பாகி, வைகைக்கு மேலே மழை கூடுகிற மாதிரி கருப்பு எங்கிருந்தோ வந்து இறங்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அடுப்பு, வீடு, தெரு எல்லாம் தூரப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை மாமியார் தோசை வார்த்தபோது, உறைமோர் கேட்கிற சாக்கில் போய் நின்றேன். தண்ணீரில் மிதக்கிற இலையை எடுப்பது போல முதல் தோசை வந்தது. வள்ளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அந்த அம்மாள் கல்லை இறக்கிச் சுவரில் சாய்த்தார். இருபது வருஷக் கரி ஏடு ஏடாக ஒட்டியிருக்க வேண்டிய அடிப்பக்கம் மொழுமொழுவென்று இருந்தது. வள்ளி அதையும் தேய்த்திருக்கிறாள். அந்த மூன்று நாளில் ஒரு தடவைகூட அடியைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், தோசையை அவள் தட்டில் போட்டார்.

"திருட்டுத்தனம் பண்ணுனா அடியிலயும் கரி பூசிருக்கணும்டி. உக்காரு, ஆறுறதுக்குள்ள தின்னு."

ஆக, சகோதரிகளே, இரும்பைக் கருப்பாக்க மூன்று நாள் போதும், மாமியார் கண்ணை ஏமாற்றத்தான், இதோ வாரேன் வள்ளி, ஏமாற்றத்தான் எத்தனை நாளானாலும்...