கை நீளும் வண்டியின் டிரைவர்

ஏற்காட்டில் ஓட்டல் கட்டும் இடத்தில் செங்கல் சுமந்தேன். அங்கே இரும்புக் கையை நீட்டி மாடிக்குச் சுமை ஏற்றும் வண்டி வந்தது. அதன் குள்ளமான டிரைவர், ஒவ்வொரு முறையும் வண்டியிலிருந்து சுவர் வரை காலடியால் அளப்பார்.

ஒருநாள் சரிவு காரணமாக வண்டி தள்ளி நின்றது. கீழே நாங்கள் எட்டுப் பேர்.

"நேத்து ஏத்துன சுமைதானய்யா, தூக்கு!" என்றார் மேஸ்திரி.

"நேத்து கிட்ட நின்னேனுங்க." டிரைவர் அவரிடம் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்தார். "மாரோட புடிங்க. இப்பக் கையை நல்லா நீட்டுங்க."

மேஸ்திரி முன்னால் சாய்ந்து, வேட்டி நனைய வாளியைப் போட்டார். சிரித்தோம்.

"வண்டியும் இப்படித்தானுங்க குப்புற விழும். இவங்க மேல."

சுமை பாதியானது. பல ஊர்களில் சுமந்திருக்கிறேன்; கீழே நிற்பவர்களை எண்ணிப் பார்த்த டிரைவர் அவர் ஒருவர்தான். பெயர் கேட்கத்தான் தோன்றவில்லை.