அறுபத்தெட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னம்

நமீபியா விடுதலை பெற்ற சில ஆண்டுகளில், நமீபிய, அமெரிக்க அரசுகளின் ஏற்பாட்டில் அந்நாட்டு ஆசிரியர்கள் பன்னிரண்டு பேர் பயிற்சிக்காக நியூ ஜெர்சி வந்தார்கள். நான் வேலை பார்த்த கல்லூரியில்தான் பயிற்சி. ஈரோட்டில் பதினோரு வருடம் கணக்கு டீச்சராக இருந்த எனக்கு அங்கே ஜெராக்ஸ் எடுத்துத் தாள் கொடுக்கும் வேலை.

பயிற்சியின் இயக்குநர் மூன்று நாட்கள் கம்ப்யூட்டரை வைத்துப் பின்னங்கள் நடத்தினார். நான்காம் நாள் ஓர் ஆசிரியை எழுந்தார்.

"என் வகுப்பில் அறுபத்தெட்டுப் பிள்ளைகள். மின்சாரம் கிடையாது. அங்கே இதை எப்படி நடத்துவது?"

"வசதிகள் வரும். அதுவரை பொறுமையாக இருங்கள்."

நான் வாய் திறந்துவிட்டேன். "காத்திருக்க வேண்டியதில்லை. நான் அறுபத்திரண்டு பேருக்கு நடத்தியிருக்கிறேன்."

"உங்கள் வேலை தாள் கொடுப்பது," என்றார் இயக்குநர், எல்லோருக்கும் கேட்கும்படி.

தாள்களைக் கொடுத்து முடித்தேன். மதிய இடைவேளையில் மீந்த காகிதத் தட்டுகளை எடுத்துக்கொண்டு அந்த ஆசிரியையிடம் போனேன். மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். ஒரு பின்னக் கூட்டலைச் சொல்லி, ஆளுக்கொரு தட்டில் விடை எழுதச் சொன்னேன். மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒன்றாகத் தூக்கிக் காட்ட வேண்டும். ஊரில் சிலேட்டில் செய்வதுதான். எத்தனை பேர் இருந்தாலும் யாருக்குப் புரியவில்லை என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

அந்த ஆசிரியையின் விடை மட்டும் தப்பு. "மேலே இருப்பதைத் தனியாக, கீழே இருப்பதைத் தனியாகக் கூட்டிவிட்டீர்கள்," என்றேன்.

"என் பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் செய்வார்கள். கண்டுபிடிக்கிறீர்களா என்று பார்த்தேன்," என்று சிரித்தார்.

மறுநாளும் நடத்தினேன். இயக்குநர் கூப்பிட்டு நிறுத்தச் சொன்னார். அந்தச் சனிக்கிழமை ஐசலின் ஊரின் இந்தியக் கடையில் காய்கறி வாங்கும்போது கணவரிடம் சொன்னேன்.

"க்ரீன் கார்டு பெண்டிங்ல இருக்கு. உனக்கு எதுக்கு இந்த வம்பு? சாரி சொல்லி அட்ஜஸ்ட் பண்ணிக்க."

"என்ன தப்பு பண்ணேன்னு சாரி சொல்றதுங்க? கணக்குதான சொல்லிக் குடுத்தேன்."

அவர் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மறுபடியும் தட்டுகளோடு போனேன். அதற்குள் பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டு, என் வகுப்பைக் கால அட்டவணையில் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். வேறு வழியின்றி இயக்குநர் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்வரை நடத்தினேன்.

அடுத்த குழு வருவதற்குள் என்னை நூலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றல் கடிதத்தில் 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.