மன்றத்துப் பிணம்

முத்துக்கறுப்பனுக்குப் பாடத் தெரியாது. தப்பு அடிக்கத் தெரியாது. தாளம் போடச் சொன்னால் கொசு அடிப்பது போலக் கைதட்டுவான். அப்படியிருந்தும் கட்டுகஸ்தோட்டை நாட்டார் பாடல் மன்றம் எடுத்த படங்களில் எல்லாம் நடுநாயகமாக இருப்பவன் அவன்தான். மற்றவர்கள் நிற்பார்கள், உட்கார்ந்திருப்பார்கள். அவன் படுத்திருப்பான். தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, நெற்றியில் ஒரு நாணயம், கால் பெருவிரல்கள் இரண்டும் சேர்த்துக் கட்டியிருக்கும். மன்றத்தின் பிணம் அவன்.

அதற்கு முன் அவன் கண்டிச் சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. முதுகு விட்டுப்போன பிறகு மகாவலிப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மரக்காலையில் காவல்காரன் ஆனான். காவல் என்றால் பலகை அடுக்கின் மேல் மல்லாந்து கிடப்பது. ஒருநாள் மரம் வாங்க வந்தவர்கள் அவனையும் சேர்த்து அளந்து விலை கேட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அளந்ததை நம்பிவிடலாம். தேக்கு விலைக்குக் கேட்டார்கள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

மன்றத்தை ஆரம்பித்தவர் தம்பிராஜா ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். காணித் திணைக்களத்தில் வேலைபார்த்து, ஓய்வுபெற்று, கண்டிக் குளிருக்குப் பழகிப்போய் இங்கேயே தங்கிவிட்டவர். அந்தப் பாலத்தடியில் ஆணி, கம்பி விற்கும் வன்பொருள் கடையொன்றின் மேல்மாடியில், டியூசன் வகுப்பு இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மன்றம் கூடும். மஹ்மூத் நானா றபான் மேளம் தட்டுவார். தாலாட்டுக்கும் தெம்மாங்குக்கும் ஆட்கள் இருந்தார்கள். ஒப்பாரிக்குத்தான் இல்லை. யாரையோ விசாரித்து, பஸ் நிலையத்தில் வடை விற்கும் லீலாதேவியை அழைத்து வந்தார்கள். முத்துக்கறுப்பனின் மனைவி. அவள் போகாத சாவீடு அந்தப் பக்கத்தில் இல்லை. அவள் வந்து உட்கார்ந்த பிறகுதான் சாவு விழுந்த வீட்டுக்காரர்களுக்கே அழுகை வரும்.

"பிள்ளை, ஒரு ஒப்பாரி பாடுங்கோ பாப்பம்," என்றார் தம்பிராஜா ஐயா.

"பொணம் எங்கங்கய்யா?" என்றாள் லீலாதேவி.

"பிணம் என்னத்துக்கு? பாட்டைத்தானே கேக்கிறன்."

"பொணம் இல்லாம பாடினா, பாடுன எடத்துலயே எழவு விழுமுங்க. அதோட தொண்டையும் தொறக்காது."

தம்பிராஜா ஐயா விடவில்லை. ஒரு கதிரையின் மேல் வெள்ளைச் சீலையைப் போர்த்து, இதைப் பிணம் என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார். லீலாதேவியும் நினைத்துப் பார்த்தாள். வந்த குரல், பஸ் கண்டக்டர் தரிப்பிடம் கூப்பிடும் குரல்.

"கதிரைக்கு எப்பிடிங்கய்யா மாரடிக்கிறது? அதுக்கு நாலு காலும் நல்லாத்தானே இருக்கு."

"ஐயா, நீங்க கொஞ்சம் படுங்களேன். தலைவர் தானே," என்றார் மஹ்மூத் நானா.

"உமக்கென்ன விசரே?"

அந்த நேரம் பார்த்துத்தான் முத்துக்கறுப்பன் வீட்டுச் சாவி கேட்டுப் படியேறி வந்தான். பகலிலேயே நன்றாகக் குடித்திருந்தான். சாவி என்ற சொல் வாய்க்குள் இருக்கும்போதே வாங்குப் பலகையில் சாய்ந்து, அப்படியே நீட்டி நிமிர்ந்து கண்ணை மூடிவிட்டான்.

"ஏன்ட ரப்பே, மய்யத்து தானா வந்தீக்கிதே!" என்றார் மஹ்மூத் நானா.

எல்லோரும் சிரித்தார்கள். லீலாதேவி சிரிக்கவில்லை. சற்று நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தலைமாட்டில் போய் உட்கார்ந்து, கொண்டையை அவிழ்த்து, நெஞ்சில் ஒரு அடி அடித்தாள். தொண்டை திறந்துகொண்டது.

"கும்பம்வச்ச தேரு ஒண்ணு குடைசாஞ்சு போனதென்ன
எட்டூரு ஆண்டமன்னர் எழுந்திருக்க மாட்டதென்ன..."

பாலத்தில் போன வாகனங்கள் எல்லாம் பெரிய சாவு என்று நினைத்து ஹோன் அடிப்பதை நிறுத்தின. அந்தப் பாலத்தின் சரித்திரத்தில் அது ஒரே ஒருமுறைதான் நடந்தது. தம்பிராஜா ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றோடு முத்துக்கறுப்பன் மன்றத்தில் சேர்க்கப்பட்டான். அவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பிணத்திடம் என்ன கேட்பது?

ஆனால் அவன் பாதிப் பாட்டிலேயே விழித்துக்கொண்டான். கண்ணைத் திறக்காமல் கிடந்தான். ஏனென்றால் லீலாதேவியின் வாயிலிருந்து தன்னைக் குறித்து ஒரு சொல் வந்து பல வருடங்கள் ஆகியிருந்தன.

அவர்களுக்கு ஒரு மகள் இருந்தாள். கோசலா. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வயதில் டெங்குக் காய்ச்சல். பேராதனை ஆஸ்பத்திரியில் தாய் பிள்ளையோடு இருக்க, தகப்பன் உடுப்பு எடுத்து வருகிறேன் என்று வீட்டுக்குப் போனான். போகிற வழியில் கூட்டாளிகள் இரண்டு பேர் கடுகண்ணாவையில் கல்யாண வீடு என்றார்கள். லொறியில் ஏறினான். கையில் இருந்த போனை அணைத்தான். அவன் திரும்பி வந்தபோது லீலாதேவியின் அண்ணன்மார் குழிக்கு மண் போட்டு, குளித்து, சோறும் தின்று முடித்திருந்தார்கள். அவன் கையில் கல்யாண வீட்டு வெற்றிலைப் பை இருந்தது.

லீலாதேவி அழவில்லை, திட்டவும் இல்லை. அவனோடு பேசுவதை நிறுத்தினாள். சமைத்தாள், துவைத்தாள், பேசவில்லை. சொல்ல வேண்டியது இருந்தால் பூனையிடம் சொல்வாள். "பூன, மண்ணெண்ண முடிஞ்சுபோச்சு." அவனும் பூனையிடம்தான் பதில் சொல்வான். கட்டுகஸ்தோட்டையிலேயே அதிக விஷயம் தெரிந்த பூனை அது. அது செத்த பிறகு லீலாதேவி தண்ணீர்க் குடத்தோடு பேசினாள்.

அப்படிப்பட்டவள் இப்போது தலைமாட்டில் உட்கார்ந்து அவனைத் தேர் என்கிறாள், மன்னர் என்கிறாள். முத்துக்கறுப்பன் தனக்குள் ஒரு கணக்குப் போட்டான். மன்னித்துவிட்டாள். வாயால் சொல்ல வெட்கம், பாட்டால் சொல்கிறாள்.

அந்த ஒரு எண்ணத்தை வைத்துக்கொண்டு அவன் மனிதனானான். நிகழ்ச்சி இருந்தால் குடிப்பதில்லை. காலையிலேயே சலூனுக்குப் போய் வழித்துக்கொள்வான். தலைக்கு எண்ணெய் வைப்பான். ஊரில் நிஜச் சாவு விழுந்தால் போய்ப் பார்த்து, "படுத்திருக்கிற லட்சணம் சரியில்ல. கழுத்து கோணுது," என்று குறை சொல்வான். மன்றத்தின் சட்டம் ஒன்றுதான்: நாலு பேர் தூக்கித் திரைக்குப் பின்னால் கொண்டுபோகும்வரை பிணம் அசையக்கூடாது. ஒருமுறை பேராதனையில், மாணவர்கள் முன்னால், பறந்து வந்த ஓர் இலையான் அவன் மூக்கின் வலது துவாரத்தில் நுழைந்து இடது துவாரத்தால் வந்தது. அவன் அசையவில்லை. இன்னொரு முறை ஒரு சிங்களப் பொலிஸ்காரர் அம்புலன்சையே கூப்பிட்டுவிட்டார்.

வீட்டில் லீலாதேவி குடத்தோடுதான் பேசினாள். அவனுக்கு அது போதுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வரும் அல்லவா?

வயது போனது. வயிறு போட்டது. மரத்தூள் நெஞ்சில் தங்கி இருமல் வந்தது. ஒரு தடவை பாட்டின் நடுவில் பிணம் குறட்டை விட்டதாகவும் மஹ்மூத் நானா றபானை ஓங்கித் தட்டி மறைத்ததாகவும் பேச்சு. அந்தச் சமயத்தில்தான் கண்டி நகரில் பெரிய மண்டபத்தில் ஒரு கலைவிழாவுக்கு அழைப்பு வந்தது. தொலைக்காட்சியில் காட்டப் போகிறார்கள். தம்பிராஜா ஐயா முத்துக்கறுப்பனைத் தனியே கூப்பிட்டார்.

"குறை நினையாதேங்கோ. உங்கட வயிறு எழும்பி எழும்பிப் பதியுது. ரிவிக்காரர் கிட்ட வந்து எடுப்பினம். பிணம் மூச்சு விடுறது பாக்க வடிவில்லை."

"மூச்ச அடக்கிக்கிறேங்கய்யா."

"அவ்வளவு நேரம் அடக்கினா செத்துப்போவியள்."

"அதுக்குத்தானேங்க படுக்கிறேன்."

ஐயா சிரிக்கவில்லை. வங்கியில் வேலைபார்க்கும் சுதேஷ் மன்றத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தான். ஒல்லி. யோகாசனம் செய்கிறவன். மூச்சு எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. அவன் படுக்கட்டும் என்று முடிவாகியிருந்தது.

"ஐயா, அவ எனக்குத்தானுங்க பாடுறா. வேற ஆள் படுத்தா தொண்டை தொறக்காது. வேணும்னா கேட்டுப் பாருங்க."

லீலாதேவி ஜன்னலோரத்தில் நின்று கொண்டை முடிந்துகொண்டிருந்தாள். ஐயா கேட்டார். அவள் ஐயாவைப் பார்த்தே சொன்னாள்:

"யார் படுத்தா என்னாங்கய்யா? வாயக் கட்டிட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

மஹ்மூத் நானா உதட்டைக் கடித்துக்கொண்டு றபானைத் துடைத்தார். முத்துக்கறுப்பன் மட்டும் சிரித்தான். நாலு பேருக்கு முன்னால் அப்படித்தான் சொல்வாள் என்று நினைத்தான். தேநீர்க் கடையில் போய் எல்லோருக்கும் அறிவித்தான். "பாருங்க, அன்னைக்கு மேடையில அவளுக்குச் சத்தமே வராது. என்னையத் தேடி ஆள் அனுப்புவாங்க." அப்படி அனுப்பினால் தயாராக இருக்க வேண்டுமே என்று, விழாவன்று நன்றாக வழித்து, எண்ணெய் வைத்து, வெள்ளை வேட்டி கட்டி, முன்வரிசையில் போய் உட்கார்ந்தான்.

திரை விலகியது. நடுவில் சுதேஷ் படுத்திருந்தான். தாடைக்கட்டு, நாணயம், விரற்கட்டு எல்லாம் முறையாக இருந்தன. லீலாதேவி வந்து தலைமாட்டில் உட்கார்ந்தாள். முத்துக்கறுப்பன் கதிரை நுனிக்கு வந்தான். இப்போது இருமுவாள். இப்போது தடுமாறுவாள்.

அவள் நெஞ்சில் அடித்தாள்.

"கும்பம்வச்ச தேரு ஒண்ணு குடைசாஞ்சு போனதென்ன..."

மண்டபத்தின் கூரை கிண்ணென்றது. அந்தக் குரல் அவனுக்கு ஒருநாளும் அப்படி வந்ததில்லை. அதே தேர். அதே மன்னர். எட்டூரும் ஓர் ஊர் குறையாமல் சுதேஷுக்குப் போனது. போதாததற்கு, "சந்தனத்த அள்ளிவச்ச சாமிமொகம் வாடுதென்ன" என்று புதிதாக ஓர் அடி வேறு. கல்யாணம் கட்டாத அந்த வங்கிப் பையன், கட்டின தாடையோடு சாமியாகிவிட்டான்.

முத்துக்கறுப்பன் எழுந்தான். பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு மேடைப் படியில் ஏறினான்.

"அவன் பொணம் இல்ல! நான்தான் பொணம்!" என்று கத்திக்கொண்டு சுதேஷுக்குப் பக்கத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டான்.

மண்டபம் சிரித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. போன்கள் எல்லாம் மேலே உயர்ந்தன. ஓரத்திலிருந்து தம்பிராஜா ஐயா, "எழும்பு காணும்! மானத்தை வாங்காதையும்!" என்று பல்லைக் கடித்தார். இதற்கெல்லாம் பயிற்சி இல்லாத சுதேஷ், தூக்குகிறவர்கள் வருவதற்கு முன்பே எழுந்து, விரல்கள் கட்டியபடியே தத்தித் தத்தி உள்ளே போனான். சிரிப்பு இன்னும் கூடியது.

லீலாதேவி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு திரையோரம் போய், அங்கே நின்ற சுதேஷின் தாடையிலிருந்த கட்டைக் கழற்றினாள். வந்து, கணவனின் தலையைத் தூக்கி, தாடையைச் சுற்றி அதைக் கட்டினாள். உச்சந்தலையில் முடிச்சை இறுக்கினாள். இத்தனை வருடத்தில் அவள் கை அவன் முகத்தில் பட்டது அன்றுதான். முத்துக்கறுப்பன் கண்ணை மூடிக்கொண்டான். தேர் வரப்போகிறது என்று காத்திருந்தான்.

"பேராதன ஆசுபத்திரி பெஞ்சுமேல நான்கிடந்தேன்
கடுகண்ணாவ கல்யாணத்தில் கண்சிவந்து நீகிடந்த..."

மஹ்மூத் நானாவின் கை றபானில் நின்றது.

"தண்ணியின்னு கேட்டபிள்ள தகப்பன்பேரு சொன்னபிள்ள
மண்ணள்ளிப் போட்டபின்னே மணம்வீச வந்தாயே
வெத்தலப் பைகொண்டு வீட்டுக்குள்ள வந்தாயே
செத்தவளப் பாக்காத சீமானே சாகலியா..."

பிணம் பதில் சொல்ல முடியாது. தாடை கட்டியிருந்தது. எழுந்து போகவும் முடியாது. தூக்கவேண்டிய நாலு பேரும் திரைக்குப் பின்னால் வாயைப் பிளந்து நின்றார்கள். லீலாதேவி ஒன்றையும் விடவில்லை. பிள்ளையின் சப்பாத்து முதல் கூட்டாளிகளின் பெயர் வரை வரிசையாக வந்தன. ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சில் ஒரு குத்து. தமிழ் தெரியாத சிங்களப் பெண்கள் கூட முந்தானையால் மூக்கைச் சிந்தினார்கள். தொலைக்காட்சிக்காரன் கிட்டே போய்க் குனிந்தான். முத்துக்கறுப்பனின் மூடிய கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் ஓடுவதை அழகாக எடுத்தான். அவன் அசையவில்லை. அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது.

தூக்கிப் போனபோது மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது.

தம்பிராஜா ஐயாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என்ன பிள்ளை நீங்கள், இப்பிடி ஒண்டை இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சிருந்தனியள்! இனி இரண்டு பகுதி. முதல் சுதேஷுக்குப் புகழ்ச்சி, பிறகு இவருக்கு வசை. ஓம், அப்பிடித்தான்."

"ஐயா, மனுசன் பாவம்," என்றார் மஹ்மூத் நானா.

"கலை எண்டால் அப்பிடித்தான் நானா." ஐயா முத்துக்கறுப்பனின் முதுகில் தட்டினார். அவன் இன்னும் தாடைக்கட்டைக் கழற்றியிருக்கவில்லை.

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்காக இருவரும் நின்றார்கள், வழக்கம்போல ஓர் ஆள் இடைவெளி விட்டு. அவளே வாயைத் திறந்தாள்.

"கடைசி அடியில தோள் குலுங்குச்சு. அடுத்த தடவ அசையாம படுங்க."

முத்துக்கறுப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். பூனையும் இல்லை, குடமும் இல்லை. அவனிடம்தான் சொல்லியிருக்கிறாள்.

"சரி," என்றான்.

அடுத்த நிகழ்ச்சி மாத்தளையில். அன்று விடிந்ததும் சலூன் திறக்க முன்பே வாசலில் நின்றான். சலூன்காரருக்குத் தொலைக்காட்சியில் பார்த்த முகம் ஞாபகம் இருந்தது. கத்தியைத் தீட்டிக்கொண்டே, "இதுக்குமாண்ணே வழிச்சுக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

"தாடைக்குக் கீழ நல்லா வழிங்க, கட்டு உறுத்தாம இருக்கணும்," என்றான் முத்துக்கறுப்பன். "வீட்டுக்காரி என்கூடப் பேசுற நாளு."