கேப்லின் புரண்ட நாளில் மார்செல்லாவின் அணி

இது நடந்த கதை. என் படகின் மேல் சத்தியம். படகைப் போன வருடமே விற்றுவிட்டேன், அதனால் சத்தியம் கொஞ்சம் லேசுதான். மூடுபனி வரும் இடங்களில் கூட்டிச் சொல்வேன். அது என் பிறவிக் குணம், அடக்க முடியாது. ஆனால் மார்செல்லாவின் முழங்காலைக் கூட்டிச் சொல்ல மாட்டேன். அது இருந்தபடியே போதும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், என் வலைக் கொட்டகையில் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடம் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஆம்புரோஸ் இருந்தான், பிலமினா இருந்தாள், தேநீருக்காக வந்த இன்னும் சிலர் இருந்தார்கள். ஆம்புரோஸின் மகன் டெக்லனும் பிலமினாவின் மகள் டல்சியும் மார்செல்லாவிடம் ஆடிய பிள்ளைகள். பொய் சொல்லக் கஷ்டமான சபை.

"ஆரம்பிச்சிட்டான்யா வில்ஃப்," என்றான் ஆம்புரோஸ். "இன்னிக்கு மூடுபனி எவ்வளவு கெட்டி? கத்தியால வெட்டணுமா, ரம்பத்தால அறுக்கணுமா?"

"பொறுடா. இன்னும் மே மாசமே பொறக்கல."

கால்பந்துப் பைத்தியம் பிடித்த எங்கள் லிட்டில் கானெட் ஊரில் பிள்ளை பிறந்தால், ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன் இடது காலா வலது காலா என்று கேட்பார்கள். டர்ப்பின் வீட்டு மார்செல்லாவுக்கு இரண்டு காலும் வரும். பள்ளியில் அவள் அடித்த பந்து ஒன்று இன்னும் தரையிறங்கவில்லை. செயின்ட் ஜான்ஸ் நகரத்தில் பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டு, படிப்பும் கொடுத்து, தன் அணியில் சட்டையும் கொடுத்தது. இரண்டாவது வருடம், யாரும் தொடாமலே, திரும்பும்போது முழங்கால் முறுக்கிக்கொண்டது. அறுத்துத் தைத்தார்கள். மே மாதம் ஊருக்கு வந்தபோது காலில் ஜிப் வைத்ததுபோல் ஒரு தழும்பு.

அந்தக் கோடையில் சின்னப் பிள்ளைகளின் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆளில்லை. முன்பு கொடுத்தவன், ஊரில் பாதிப்பேரைப்போல, வேலை தேடி ஆல்பர்ட்டா போய்விட்டான். மார்செல்லா நான் செய்கிறேன் என்றாள். ஓரத்தில் கொடி பிடிப்பதும், பிள்ளைகளை என் வண்டியில் அள்ளிப்போட்டுக் கொண்டுபோவதும் என் பங்கு.

முதல் நாள் அவர்களை வரிசையில் நிறுத்தி, கூம்புகளை வைத்து, வளைந்து வளைந்து ஓடவிட்டாள். பல்கலைக்கழகத்தில் செய்வது அதுதானாம். டல்சி கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து கையுறையின் கட்டைவிரலை மென்றாள். டெக்லன் கேட்டான்: "அக்கா, பந்து எப்ப வரும்?"

"ஓடு டெக்லன்! தூங்குறியா? ஓடு!"

அப்பப்பா, என்ன குரல்! துறைமுகத்தில் மூன்று படகுகள் நங்கூரம் அறுத்துக்கொண்டன. டெக்லன் ஓடினான். ஆனால் ஓடும்போது கூம்புகளைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டே ஓடினான்.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் போனபின், என் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டாள்.

"வில்ஃப் மாமா, முட்டி போன அன்னிக்கு எனக்கு முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா?"

"வலிச்சிருக்கும், வேறென்ன?"

"இல்ல. அப்பாடான்னு இருந்துச்சு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எட்டு வயசுலேர்ந்து யாராவது ஓரத்துல நின்னு கத்திக்கிட்டே இருப்பாங்க. ஓடு, ஓடு, தூங்குறியா. நான் பந்துக்காக ஓடவே இல்ல மாமா, அந்தக் குரலுக்குப் பயந்து ஓடியிருக்கேன். புல்லுல விழுந்து கெடந்தப்ப அது நின்னுபோச்சு. அப்புறம்தான் வலிச்சுது. அதுக்கப்புறம் வெக்கமா இருந்துச்சு." ஐஸ் பையைத் திருப்பி வைத்தாள். "இன்னிக்கு அதே குரல் என் வாயிலேர்ந்து வந்துச்சு."

எனக்கு ஒரு கிண்டல்கூட வரவில்லை. எனக்கு அப்படி ஆவது தபால்காரர் நாயைக் கடிப்பதுபோல் அபூர்வம்.

மறுநாள் தன் ஊதலைக் கழுத்திலிருந்து கழற்றி என் வண்டியில் இருந்த ஆணியில் மாட்டினாள். பந்தைப் பிள்ளைகள் நடுவில் போட்டாள். எங்கள் ஆடுகளத்தில் பாதி நாள் மூடுபனிதான். பந்து வைத்திருப்பவர் யார் என்று பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. அதனால் ஒரே ஒரு விதி சொன்னாள்: காலில் பந்து இருக்கும்வரை உன் பெயரை நீயே கத்திக்கொண்டிரு. அவ்வளவுதான். அந்தக் காட்டுக்கத்தல் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயிற்று. டெக்லன்! டெக்லன்! டல்சி! குரல் வந்த திசையைப் பார்த்துப் பந்தைக் கொடுக்கவும் வாங்கவும் பழகிவிட்டார்கள். அவள் ஓரத்தில் சும்மா நின்றாள். சும்மா நிற்பது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது என்பது கையைப் பார்த்தால் தெரியும். விரல்களைப் பின்னிப் பின்னி அவிழ்ப்பாள்.

ஜூனில் மருத்துவர் சொல்லிவிட்டார்: நடக்கலாம், மெதுவாக ஓடலாம், ஆட்டம் இனி வேண்டாம். அவள் அதை அம்மாவிடம் சொன்னாள், என்னிடம் சொன்னாள். பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள்தான் அவளிடம் மிச்சமிருந்த கால்பந்து.

அதுவும் நூலில் தொங்கியது. ஏழு பேர் இல்லாமல் ஆட்டத்தைக் கைவிட்டால் குற்றம். ஒரே கோடையில் மூன்றாவது முறை கைவிட்டால் அணியை லீக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு ஆகியிருந்தது. ஒன்று சாவு, ஒன்று கல்யாணம். இரண்டுக்கும் ஊரே போயிருந்தது. மிஞ்சியது பக்கத்து ஊர் பிராட் ஹார்பருடன் ஓர் ஆட்டம்.

"தேதியை நீங்களே சொல்லுங்க," என்றார்கள் லீக்காரர்கள்.

மார்செல்லா யோசித்தாள். மூடுபனியில் பிராட் ஹார்பர் பிள்ளைகள் குருட்டுக் கோழிகள். எங்கள் பிள்ளைகளோ அதிலேயே வளர்ந்தவர்கள். வானிலை கேட்டு, கீழைக்காற்றும் தூறலும் மூடுபனியும் சேர்ந்து வரும் வாரமாகப் பார்த்துத் தேதி கொடுத்தாள்.

கொட்டகையில் பிலமினா தலையில் அடித்துக்கொண்டாள். "அந்த மூணும் சேந்தா என்ன வரும்னு தொட்டில் கொழந்தைக்குத் தெரியுமே!"

தெரியும். கேப்லின் வரும். விரல் நீள வெள்ளி மீன், கரைக்கு வந்து மணலில் புரண்டு முட்டையிடும். சில நாள்தான். அது புரளும்போது பூசையிலிருக்கும் பாதிரியாரும் வாளி தூக்குவார். நகரத்தில் இரண்டு வருடம் இருந்ததில் அவளுக்கு அது மறந்துவிட்டது. இங்கேயே கிடந்த எங்களுக்கும் அன்று பந்தின் நினைப்பு மட்டும்தான்.

சரி, இப்போது மூடுபனி. கடற்காக்கைகள் நடந்துதான் போயின. என் தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் காற்றில் வைத்தேன், கீழே விழவில்லை.

"இதோ வந்துட்டான்," என்றான் ஆம்புரோஸ்.

ஆட்டம் எங்களுக்குக் காதில்தான் நடந்தது. டெக்லன்! டெக்லன்! டெக்லன்! பிறகு கம்பத்தில் பந்து பட்டு உள்ளே போன சத்தம். ஒன்றுக்குப் பூஜ்யம். மார்செல்லா என் கையைக் கிள்ளினாள். அந்தக் காயம் கிறிஸ்துமஸ்வரை ஆறவில்லை. அந்தக் கோடையில் அவள் சிரித்து நான் பார்த்தது அப்போது மட்டும்.

இரண்டாம் பாதியில், கீழே கரையிலிருந்து ஒரு குரல்: "புரளுது! கேப்லின் புரளுது!"

முதலில் பார்க்க வந்தவர்கள் போனார்கள். வாளிகள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஆடுகளத்தில் பெயர்கள் குறைய ஆரம்பித்தன. ஒரு பெயர் நின்றது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. டல்சி போனது தெரியவில்லை. கோல் கம்பத்தடியில் கையுறை மட்டும் கிடந்தது. பிராட் ஹார்பர் பயிற்சியாளர் தன் பிள்ளைகள் ஆறு பேரைக் காலரில் பிடித்து வைத்திருந்தார். சரி, இரண்டு பேரை.

"கத்துடீ!" என்றேன். "உன் குரல் கடல் தாண்டி பிரெஞ்சுக்காரன் தீவு வரைக்கும் போகும். பேரைச் சொல்லிக் கூப்பிடு, ஓடி வந்துருவாங்க!"

மூச்சை இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

"கூப்பிட்டா வந்துருவாங்க மாமா," என்றாள். "அதான்."

நடுவர் மூடுபனிக்குள் கையை நீட்டிக்கொண்டே போய்த் தலைகளைத் தடவி எண்ணினார். எங்கள் பக்கம் நாலுதான் தேறியது. ஊதினார். கோல் செல்லாது, ஆட்டம் செல்லாது, அணியும் அன்றோடு முடிந்தது.

அவள் காலை இழுத்துக்கொண்டு கரைக்கு இறங்கினாள். நானும் பின்னால் போனேன். பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நின்று மீனை அள்ளிக்கொண்டிருந்தார்கள். வாளி நிறையும்போதெல்லாம் அவரவர் பெயரைக் கத்தினார்கள். டல்சி அவளைப் பார்த்து, "அக்கா, நாம ஜெயிச்சிட்டமா?" என்றாள்.

"ம். ஒண்ணுக்கு சைபர்."

காலணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி டல்சியின் வாளியைப் பிடித்துக்கொண்டாள். அழுதாளா என்று கேட்காதீர்கள். அந்த மூடுபனியில் எல்லார் முகமும் ஈரம்தான்.

செப்டம்பரில் நகரத்துக்குத் திரும்பினாள். பல்கலைக்கழக அணி, கூடவே இருந்து உதவி செய் என்று கூப்பிட்டதாம், போகவில்லை. இந்தக் கோடையில் ஊருக்கும் வரவில்லை. அவள் அம்மாவிடம் விசாரித்தால் "படிக்கிறா" என்பதோடு சரி. ஊதல் இன்னும் என் வண்டி ஆணியில் ஆடுகிறது. ஆடுகளத்தில் புல் இடுப்பளவு. இதைக் கூட்டிச் சொல்லவில்லை, போய்ப் பாருங்கள்.

கொட்டகையில் எல்லார் கோப்பையிலும் இன்னொரு சுற்றுத் தேநீர் ஊற்றினேன்.

"கூப்பிட்டிருக்கணும்," என்றான் ஆம்புரோஸ். "ஒரே ஒரு சத்தம். எம்புள்ள இப்ப பிராட் ஹார்பர் சட்டையைப் போட்டுக்கிட்டு என் வீட்டுக்குள்ளயே நடக்கறான்."

"உம்புள்ள ஆடவாவது ஆடறான்," என்றாள் பிலமினா. "எம்பொண்ணு பந்தைத் தொடறதே இல்ல. அவ கூப்பிடாததைப் பேச வந்துட்டியா? அன்னிக்குக் கரையிலேர்ந்து மொதல்ல 'புரளுது'ன்னு கத்துனது யாரு?"

ஆம்புரோஸ் கோப்பைக்குள் பார்த்தான். "எனக்கென்ன தெரியும்? மூடுபனி."

"மூடுபனியா! செவுத்துக்கு அந்தப்பக்கம் தெனம் பொண்டாட்டியோட கத்தற குரல் எனக்குத் தெரியாதா? உம்புள்ள ஆடிக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சும் கத்தினியே, நீயெல்லாம் அப்பனா?"

"அப்ப நீ? நீ ஏன் ஆட்டத்தை விட்டுட்டு ஓடின? உன் வீட்டுல ஒரு வாரமா யாரு புடிச்ச மீன் பொரிஞ்சுது?"

"எம்பொண்ணு புடிச்ச மீனுடா அது!"

"ஆமா, கோலை விட்டுட்டுப் போய்ப் புடிச்ச மீனு!"

"அடேய் அடேய்," என்றேன் நான். "கதை இன்னும்..."

யாரும் என்னைக் கேட்கவில்லை. பிலமினா எழுந்தாள். ஒரு கையால் ஆம்புரோஸின் தலையிலிருந்து தொப்பியைப் பறித்தாள், மறு கையால் அடுப்பின் கதவைத் திறந்தாள்.

"பிலமினா! அது எங்கப்பன் தொப்பி! பிலமினா!"