வெய்னுக்குக் கிடைச்ச ஏழு செக்கன்

சுனாமி அண்டைக்கு வெய்ன் ரேடியோவில "கடல் வருகுது, ஓடுங்க" எண்டு கத்தினதாலதான் கல்லடியில முந்நூறு பேர் உசிரோட இரிக்கிறாங்களாம். பாட்டை நிப்பாட்டிக் கத்தின குத்தத்துக்கு ஸ்டேசன்காரன் அண்டைக்கே அவனைச் சட்டையில புடிச்சு வெளியில தள்ளினானாம். இது கல்லடிக் கணக்கு. கதை கல்குடாவுக்குப் போகக்குள்ள அறுநூறு பேர். பனிச்சங்கேணியில ஒரு மனிசன் ஆயிரத்து இருநூறு எண்டான். அவன்ட மாடுகளையும் சேத்து எண்ணினானோ தெரியா.

நடந்ததை நான் சொல்லுறன். கொஞ்சம் உப்புப் புளி கூடும், பொய் இரிக்காது.

வெய்ன் மட்டக்களப்பு டவுனில பறங்கிக் குடும்பத்துப் பொடியன். தகப்பன் தச்சுவேலை. மகனுக்கு வாங்கு அடிக்கப் பழக்கினா, அவன் சுத்தியலை மைக் மாதிரி வாயில வச்சுக்கொண்டு நிப்பான். சமாதானம் எண்டு றோட்டுத் திறந்த காலம் அது. கொழும்பில எஃப்எம் ஸ்டேசன்கள் மழைக்குக் காளான் மாதிரி முளைச்சுது. அதில ஒண்டு குளுகுளு எஃப்எம். அது வெய்னை அறிவிப்பாளனா எடுத்திட்டு.

அங்க மனேஜர் விஜிதரன். மெட்ராசில மூண்டு மாசம் படிச்சவர், முப்பது வருசம் படிச்ச மாதிரிக் கதைப்பார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில ஏழு செக்கன்தான் வாய் துறக்கலாமாம். எட்டாவது செக்கன்ல ஆக்கள் வேற ஸ்டேசனுக்குக் கிறுகிருவாங்களாம். கதைக்கிற கதையும் பாதி இங்கிலீசு, மிச்சம் மெட்ராஸ் சிரிப்பு. ஊர்ப் பேச்சு வரப்படாது.

வெய்னுக்கு எல்லாம் வந்திச்சு. ஒரு சொல்லு மட்டும் நாக்கை விட்டுப் போகல்ல. மத்த ஊரான் "பிறகு" எண்டு சொல்லுற இடத்தில எங்கட வாயில "மறுகா"தான் விழும். ஒரு நாள் ஒரே மூச்சில விட்டான்: "ஹாய் ஹாய் கொழும்பு, செம ஹிட் ஒண்டு, மறுகா இன்னொண்டு."

விஜிதரனுக்குக் காய்ச்சல் வந்திட்டு. ஆனா எங்கட மாவட்டத்துக்குப் பித்துப் புடிச்சிட்டு. ஆளுக்காள் ஸ்டேசனுக்குப் போன் கோல் எடுக்கிறாங்க.

"வெய்ன் அண்ணன், ஒரு பாட்டுப் போடுங்க. மறுகா?"

"மறுகா என்ன?"

"மறுகா ஒண்டுமில்ல."

டக்கெண்டு வச்சிருவாங்க. கோல் கூடக் கூட விஜிதரனுக்குக் காய்ச்சல் இறங்கிச்சு. அதையே நிகழ்ச்சி ஆக்கிப்போட்டார். ஞாயித்துக்கிழமை காலமை ஒம்பது மணிக்கு 'மறுகா நேரம்'. ஆரும் கோல் எடுத்துப் பெரிய புழுகு ஒண்டு விடலாம், நடுவில மறுகா வரவேணும். வெய்ன் சிரிப்பான், பகிடிக்கு ஒரு பதில் சொல்லுவான், கோலை வெட்டிக் குளிக்கிற சவுக்கார விளம்பரம் போடுவான். நாட்டில அப்ப அதுதான் நம்பர் வன்.

இதுக்கிடையில அவனுக்கும் நோறாவுக்கும் காதல். கல்லடியில சின்னப் புள்ளையளுக்குப் படிப்பிக்கிற புள்ள, வீடும் அங்க கடக்கரையோடதான். அவள்ட தகப்பன் கொன்ராட், அரசாங்கக் கச்சேரியில கிளாக்கரா இரிந்து பென்சன் எடுத்தவர், சிரிப்பைக் கண்டா முகத்தைக் கழுவுற மனிசன். "சிரிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவனுக்கு மகளைக் குடுக்கிறதோ" எண்டு ரெண்டு வருசம் இழுத்தார். அந்த வருசம் மார்கழி இருவத்தஞ்சு, நத்தாருக்குத்தான் மனம் இரங்கித் தை மாசம் கலியாணம் எண்டார்.

அடுத்த நாள் ஞாயிறு. மறுகா நேரம்.

"ஹலோ ஹலோ, ஆர் கதைக்கிறீங்க?"

"டேய் வெய்ன், கொன்ராட். கடல் எழும்பி வீட்டு முத்தத்துக்கு வந்திட்டுப் போகுது. நான் கூரையில நிக்கிறன். சனம் என்ன ஏது எண்டு விடுப்புப் பாக்கக் கரைக்குப் போகுதுகள். மறுகாவும் வரும் போல கிடக்கு. ரேடியோவில சொல்லு."

வெய்னுக்கு வந்த சந்தோசம் கொஞ்ச நஞ்சமில்ல. மாமனார் தனக்காகப் பகிடிக்கு இறங்கிட்டாரே எண்டு.

"கூரையில நிண்டாத்தான் அங்கிள் சிக்னல் நல்லா வரும்."

வெட்டினான். சவுக்காரம்.

கொஞ்ச நேரத்தில எல்லாப் பக்கத்தாலயும் கோல் வந்திச்சு. ஒருத்தரும் பகிடி விடல்ல. அதுக்கிடையில கல்லடிக்குக் கடல் மறுபடியும் வந்திட்டுப் போயிருந்தது. கொன்ராட் வீட்டுத் தெருவில எத்தனை பேர் போனாங்க எண்டு நான் இஞ்ச எண்ணப் போறதில்ல. நோறா கோயில் பூசைக்கு டவுனுக்கு வந்ததால தப்பினாள். கொன்ராட் கூரையில பக்கத்து வீட்டு நாயோட இரிந்து தப்பினார்.

மூண்டு நாள் வெய்ன் பாட்டே போடல்ல. காணாமப் போனவங்கட பேரை வாசிச்சுக்கொண்டே இரிந்தான். ஊர்க்கதைக்கு முளை விட்ட இடம் இதுதான். நாலாம் நாள் விஜிதரன் அதுக்கும் ஒரு ஜிங்கிள் செய்து, சவுக்காரக் கொம்பனிட்ட வித்துப்போட்டார். 'உறவைத் தேடி', வழங்குபவர்கள் இன்ன சவுக்காரம்.

வெய்ன் வந்து கொன்ராட்டுக்கு முன்னால நிண்டான்.

"அங்கிள், நான் பகிடி எண்டு நினைச்சன்."

"நாடு கேக்கச் சிரிச்சாய். நாலு பேர் கேக்கவாவது சொல்லு, நான் என்ன சொன்னன், நீ என்ன செய்தாய் எண்டு. மறுகா கலியாணத்தைப் பாப்பம்."

வெய்ன் போய் விஜிதரனிட்டக் கேட்டான். அவர் மோவாயைச் சொறிஞ்சார். "சோகமான லிங்க் எங்கட போர்மட்டுக்குச் சரிவராது தம்பி. வேணுமெண்டா ஏழு செக்கனுக்குள்ள சொல்லு."

கொன்ராட் வீட்டில ரேடியோவுக்குக் கிட்டக் கதிரையைப் போட்டுக் குந்தினார். காது கொஞ்சம் மந்தம், நோறாதான் கேட்டுச் சொல்ல வேணும்.

"என்ன புள்ள, அவன் என்ன சொன்னான்?"

"'அன்பான நேயர்களே, அண்டைக்கு ஒரு கோலை நான்' எண்டார் டடா."

"மறுகா?"

"மறுகா சவுக்காரம்."

மூண்டு தரம் முயற்சி பண்ணினான். மூண்டு தரமும் சவுக்காரம். நாலாம் தரம் கொன்ராட் ரேடியோவைத் தூக்கிப் பரண்ல போட்டார். கலியாணமும் அதோட பரண்ல ஏறிச்சு.

மறுபடியும் சண்டை துடங்கிச்சு. 'உறவைத் தேடி'க்கு வேற மாதிரிக் கோல் வரத் துடங்கிச்சு, மகனை வெள்ளை வேனில ஏத்திக்கொண்டு போயிட்டாங்க எண்டு. விஜிதரன் கும்பிட்டார். "கடல் கொண்டுபோன ஆக்களைத் தேடுவம். வேற ஆரும் கொண்டுபோன ஆக்களைத் தேட வேணாம்." அதோட கோலை நிப்பாட்டி எஸ்எம்எஸ் மட்டும் எண்டார். அதுவும் சலிச்சுப்போக நொன்ஸ்டொப் பாட்டு. கடைசியில கம்ப்யூட்டரே பாட்டுப் போடும், கம்ப்யூட்டரே ஹாய் சொல்லும். சண்டை முடிஞ்ச வருசம் விஜிதரனையும் சேத்து எல்லாரையும் வேலையால நிப்பாட்டி வீட்டை அனுப்பிட்டாங்க. ஸ்டேசனுக்கு அந்த ஏழு செக்கனும் மிச்சம்.

வெய்ன் ஊருக்கு வந்து ஓட்டோவில லவுட்ஸ்பீக்கர் கட்டினான். மரண அறிவித்தல், புடவைக்கடை மலிவு விற்பனை. அதிலயாவது ஆசைக்குக் கதைக்கலாம். ஆனா கொன்ராட் வீட்டுத் தெருவில வரக்குள்ள மட்டும் மைக்கை நிப்பாட்டிப்போடுவான்.

அப்பதான் அந்த முந்நூறு பேர்க் கதை ஊரில ஓடுது. ஊர்க் கழகத் தலைவர் வினாயகமூர்த்தி, சுனாமி நினைவு நாளில வெய்னுக்குப் பொன்னாடை போத்துறதெண்டு நோட்டீசும் அடிச்சிட்டார். இனிக் கழகத்து விழாவில மைக் எல்லாம் உனக்குத்தான் தம்பி எண்டு சொல்லியும் வச்சிட்டார். நோறா வெய்னை மார்க்கட்டில மறிச்சாள்.

"எனக்கு முப்பத்தி ரெண்டு வயசு. நீங்க அந்தப் பொன்னாடையைப் போத்துக்கொண்டு வந்தா, டடா மறுகாவும் கூரையில ஏறுவார். நான் இறக்கப் போக மாட்டன்."

"ஊர் முழுக்க எனக்குக் கை தட்டப் போகுது நோறா. நான் என்ன செய்யிற?"

"அதை என்னட்டக் கேக்காதீங்க."

அண்டைக்குக் கல்லடிக் கடக்கரையில நல்ல சனம். கொன்ராட்டும் வந்து கடைசி வரிசையில, ஊன்றுகோலை மடியில வச்சுக்கொண்டு இரிந்தார். பக்கத்தில நோறா. வினாயகமூர்த்தி பேசக்குள்ள முந்நூறு ஐந்நூறாகிட்டு. பொன்னாடையை விரிச்சுக்கொண்டு வந்தார். வெய்ன் அவர்ட கையை மெல்லத் தள்ளி, மைக்கை எடுத்தான். மெட்ராஸ் சிரிப்பும் இல்ல, இங்கிலீசும் இல்ல.

"தலைவர் சொன்னது பொய். நான் ஒருத்தரையும் காப்பாத்தல்ல. கூரையில நிண்டு, சனத்தை ஓடச் சொல்லு எண்டு கோல் எடுத்தது அந்தா கடைசி வரிசையில இரிக்கிற கொன்ராட் அங்கிள். நான் சிரிச்சன், கோலை வெட்டினன், சவுக்கார விளம்பரம் போட்டன். என்னை ஒருத்தரும் சட்டையில புடிச்சு வெளியில தள்ளவும் இல்ல. அடுத்த மாசம் சம்பளம் கூட்டித் தந்தாங்க, நான் வாங்கினன்."